எல்லாச் சாமியும் நிஜம் என்றால்

எல்லா மதங்களின் கடவுள்களும் உண்மையிலேயே இருக்கும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்யச் சொன்னால், நம் ஊரில் சட்டென்று வரும் பதில் ஒன்று உண்டு: "எல்லாம் ஒண்ணுதாங்க, பேர்தான் வேற வேற." நல்ல மனதோடு சொல்லப்படும் பதில்தான். 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்ற திருமூலர் வாக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகவே வாயில் வரும். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. எல்லாம் ஒன்று என்றால் இருப்பது ஒரே கடவுள், மற்றவை அவருடைய பெயர்கள். இங்கே கேட்கப்படுவது வேறு. முருகன் முருகனாகவே, கர்த்தர் கர்த்தராகவே, அல்லாஹ் அல்லாஹ்வாகவே, அங்காளம்மன் அங்காளம்மனாகவே, அவரவர் அடியார்கள் சொல்லும் அதே குணத்தோடும் அதே உரிமையோடும் இருந்தால் என்ன ஆகும்?

வேலூரில் இருந்துகொண்டு இதை யோசிப்பது எளிது. இங்கே கோட்டைக்குள் நுழைந்தால் ஒரே அகழிக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு பள்ளிவாசல், 1846இல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயம் மூன்றும் இருக்கின்றன. மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் இதைச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் மூன்று கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு, மூன்று கடவுள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு. இரண்டாவதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் எழுவது இடத் தகராறு. இத்தனை பேர் இருந்தால் யாருக்கு எந்த இடம்? இதற்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தைப் பிரிக்கும்போதே தெய்வத்தையும் பிரித்துவிடுகிறது. காடு மாயோனுக்கு, மலை சேயோனுக்கு, வயல் வேந்தனுக்கு, கடற்கரை வருணனுக்கு. நான்கு பேரும் இருக்கிறார்கள், நான்கு பேரும் உண்மை, ஒருவர் நிலத்தில் இன்னொருவர் குறுக்கிடுவதில்லை. கிராமத்துக்குப் போனால் இதே ஏற்பாடு இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. எல்லைத் தெய்வத்துக்கு எல்லைதான் அதிகாரம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பார்கள். விழா முடியும் வரை அந்த மனிதர்கள் அந்தச் சாமியின் பொறுப்பு. எல்லையைத் தாண்டினால் அது வேறொரு சாமியின் இடம்.

இடத்தைப் பங்கிட்டாலும் பழக்கவழக்கம் மோதுமே என்று கேட்கலாம். ஒரு தெய்வம் கிடா கேட்கும், பக்கத்தில் உள்ளது பாலும் பழமும் மட்டும் ஏற்கும். அய்யனார் கோயில்களில் இதற்குச் செய்வது என்ன? கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதியில் திரை போட்டுவிடுகிறார்கள். வெட்டி முடித்து இடத்தைக் கழுவியதும் திரை விலகும். அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு பெரிய முடிவு இருக்கிறது. அய்யனாரைக் கிடா தின்ன வைக்கவில்லை, கருப்பனைச் சைவமாக்கவும் இல்லை. இருவரும் அவரவராகவே இருக்க, நடுவில் பத்து நிமிட மறைப்பு. எல்லாக் கடவுளும் இருக்கும் உலகத்துக்குச் சட்டம் எழுதினால் முதல் பிரிவாக நான் இந்தத் திரையைத்தான் வைப்பேன்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டாம் ராமசேஸும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹத்துசிலியும் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தில் சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்கள் மனிதர்கள் அல்ல. ஹிட்டைட் நாட்டின் ஆயிரம் தெய்வங்களும் எகிப்து நாட்டின் ஆயிரம் தெய்வங்களும்தான். எதிரி நாட்டுச் சாமி பொய் என்று இரண்டு பக்கமும் நினைத்திருந்தால் அந்தச் சாட்சிக் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. உன் சாமி உன்னைத் தண்டிக்கும் என்று நானும், என் சாமி என்னைத் தண்டிக்கும் என்று நீயும் நம்பினால்தான் ஒப்பந்தம் நிற்கும். அடுத்தவன் கடவுளை நம்புவது அங்கே ராஜதந்திரத்துக்கு அடிப்படையாக இருந்திருக்கிறது.

சரி, கடவுள் இருக்கிறார் என்றால் எங்கே இருக்கிறார்? இந்தக் கேள்விக்கு வேலூர்க் கோட்டையிலேயே பெரிய பாடம் உண்டு. வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் அடுக்கும் பழைய வரிசையில் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வரும். அந்தக் கோயில் ஜலகண்டேஸ்வரர் கோயில்தான். பல தலைமுறைகளாக அதன் கருவறை காலியாக இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில்தான் மீண்டும் கோட்டைக்குள் வந்தது. அந்த நீண்ட காலத்தில் ஜலகண்டேஸ்வரர் இல்லாமல் போய்விட்டாரா? எந்தப் பக்தரும் அப்படிச் சொல்ல மாட்டார். கோயிலில் இல்லை, அவ்வளவுதான். ஆகம முறையே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. குடமுழுக்குக்கு முன் திருப்பணி தொடங்கும்போது மூலவரின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்கிறார்கள். வேலை முடிந்ததும் மறுபடி ஆவாகனம். கடவுள் இருப்பது ஒன்று, இன்ன இடத்தில் எழுந்தருளியிருப்பது இன்னொன்று. எழுந்தருள அழைப்பு வேண்டும்.

ரோமானியர்களும் இதையே வேறு வழியில் செய்தார்கள். கி.மு. 396இல் வேயி என்ற எதிரி நகரத்தைப் பிடிக்கும்போது அந்த நகரத்தின் காவல் தெய்வமான ஜூனோவை "எங்கள் ஊருக்கு வந்துவிடு, உனக்குக் கோயில் கட்டுகிறோம்" என்று வேண்டி அழைத்ததாக அவர்களுடைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வருகிறாயா என்று ஒரு வீரன் கேட்டபோது சிலை தலையசைத்தது என்பது கதை. ரோமில் கோயிலும் கட்டினார்கள்.

நம் நீதிமன்றங்களும் பாதி தூரம் இந்தக் கற்பனை உலகத்துக்குள்தான் வேலை செய்கின்றன. இந்தியச் சட்டத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் ஒரு சட்ட நபர். அதன் பெயரில் நிலம் இருக்கலாம், அது வழக்குப் போடலாம். வக்ஃப் சொத்தைப் பற்றிய இஸ்லாமியச் சட்டக் கொள்கையில் உரிமை அல்லாஹ்வுக்குப் போய்ச் சேர்கிறது, மனிதர்கள் பராமரிப்பவர்கள் மட்டும். ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரு நஞ்சை சிவனுடையதாகவும், பக்கத்து மனை இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டதாகவும் பதிவேட்டில் இருக்க முடியும். பத்தூர் நடராசர் சிலை கடத்தப்பட்டு லண்டன் போனபோது, அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கோயிலையே வழக்கின் ஒரு கட்சியாக ஏற்றுக்கொண்டது. நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

இதுவரை சொன்னது எளிதான பகுதி. நிலத்தைப் பிரிக்க ஒத்துக்கொள்ளும் தெய்வங்களைப் பற்றியே பேசினேன். பிரிக்க ஒத்துக்கொள்ளாத கடவுளை என்ன செய்வது?

குர்ஆன் இந்தக் கற்பனையை நேராகவே எடுத்துப் பேசுகிறது. வானத்திலும் பூமியிலும் அல்லாஹ்வைத் தவிர வேறு தெய்வங்கள் இருந்திருந்தால் இரண்டும் சீர்கெட்டிருக்கும் என்கிறது 21ஆம் அத்தியாயம். 23ஆம் அத்தியாயம் இன்னும் விளக்கமாகப் போகிறது: அப்படி இருந்திருந்தால் ஒவ்வொரு தெய்வமும் தான் படைத்ததைத் தன்னோடு கொண்டுபோயிருக்கும், ஒன்றை ஒன்று மிஞ்சப் பார்த்திருக்கும். இது வெறும் மறுப்பு அல்ல, முறையான வாதம். உலகம் ஒரே ஒழுங்கில் ஓடுகிறதே, பல எஜமானர்கள் இருந்தால் இப்படி ஓடுமா என்ற கேள்வி. எல்லாக் கடவுளும் இருக்கும் உலகத்தைக் கட்ட நினைக்கிறவர் இந்த வாதத்தைத் தாண்டாமல் ஓரடிகூட நகர முடியாது. அதைப் பேசாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வையும் பட்டியலில் ஒரு பெயராகச் சேர்த்தால், அவர் பெயரில் வேறு யாரையோ சேர்க்கிறோம் என்றுதான் அர்த்தம். இணையில்லாதவர் என்பதைக் கழித்துவிட்டால் ஒரு முஸ்லிம் தொழுகிற இறைவன் அங்கே இல்லை.

பைபிளில் வேறு மாதிரி இழைகளும் ஓடுகின்றன. 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்' என்ற கட்டளை, வேறு தேவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. உனக்கு வேண்டாம் என்கிறது. 82ஆம் சங்கீதத்தில் தேவன் தேவர்களின் நடுவில் நின்று நியாயம் விசாரிக்கிறார். பழைய இஸ்ரவேலில் பிற தெய்வங்கள் இருப்பதை மறுக்காமலே தங்கள் தேவனை மட்டும் தொழுத காலம் ஒன்று இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வது இதை வைத்துத்தான். ஏசாயா தீர்க்கதரிசியின் நூலுக்கு வந்தால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. என்னைத் தவிர தேவன் இல்லை என்று திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது தேவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் பலர் உண்டு, நமக்கோ ஒரே தேவன் என்கிறார்.

ஆனால் 'நான் மட்டுமே' என்ற பேச்சு இந்த இரண்டு மதங்களின் சொத்து என்று நினைப்பது சரியில்லை. 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையின் தலபுராணம் என்ன சொல்கிறது? யார் பெரியவர் என்று பிரம்மாவும் திருமாலும் போட்டியிட, அடியும் முடியும் காணாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றார். ஒருவர் பன்றியாய்த் தோண்டிக் களைத்தார், ஒருவர் அன்னமாய்ப் பறந்து தோற்றார். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் கொப்பரை ஏற்றும்போது லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பது அந்தத் தூணைத்தான். தீவிர வைணவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார். திருமாலே பரம்பொருள் என்பதற்கு அவரிடம் அதே அளவு சான்று இருக்கிறது. இரண்டையும் முழுதாக ஏற்றால், ஒரே நிகழ்ச்சி நடந்ததாகவும் நடக்காததாகவும் ஆகிறது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த உலகத்தைக் கற்பனை செய்கிற எவரும் யாராவது ஒருவருடைய உரிமையைக் குறைக்காமல் தப்ப முடியாது. கேட்காமல் குறைப்பதுதான் தப்பு. 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்பதில் எனக்குள்ள தயக்கமும் அதுவே. அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வரியில் எல்லாருடைய கடவுளும் ஆளுக்குக் கொஞ்சம் குறைந்துவிடுகிறார்கள்.

இங்கே பௌத்தமும் சமணமும் உதவிக்கு வருகின்றன. படைத்த கடவுள் என்ற பேச்சே இல்லாத இரண்டு மதங்கள். ஆனால் தேவர்கள் இல்லை என்று இரண்டுமே சொல்வதில்லை. பாலி நூல் ஒன்றில் ஒரு கதை வருகிறது. உலகம் மறுபடி விரியத் தொடங்கும்போது காலியாக இருந்த பிரம்ம விமானத்தில், அதாவது பிரம்மலோக மாளிகையில், முதலில் ஓர் உயிர் பிறக்கிறது. தனியாக இருந்து இருந்து, துணை வேண்டும் என்று ஏங்குகிறது. அப்போது மற்ற உயிர்களும் தங்கள் வினைப்படி அங்கே வந்து பிறக்கின்றன. முதலில் பிறந்தவர் நினைக்கிறார், நான் விரும்பினேன், இவர்கள் வந்தார்கள், ஆகவே நானே படைத்தேன். பின்னால் வந்தவர்களும், நாம் வரும்போதே இவர் இருந்தாரே, இவர்தான் நம்மைப் படைத்தவர் என்று நம்புகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. படைத்தவர் என்ற நம்பிக்கை எப்படி உண்மையான மனதோடு உருவாகலாம் என்பதற்கு இதைவிடக் கூர்மையான விளக்கம் நான் படித்ததில்லை. எல்லாக் கடவுளும் இருக்கும் உலகில் படைப்பு யாருடையது என்ற வழக்கை இப்படி முடிக்காமலே வைக்கலாம். அங்கே தெய்வங்களுக்கே ஒருவருக்கொருவர் அதை நிரூபிக்க வழி இருக்காது. நான் தேர்ந்தெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். இதிலும் ஒரு குறைப்பு இருக்கிறது. ஆனால் எல்லாரிடமும் ஒரே அளவு கழிகிறது.

பொன்னைப் பக்கம் இருக்கும் வள்ளிமலையில் இந்த இரண்டு பார்வைகளும் ஒரே பாறையில் இருக்கின்றன. வள்ளி தினைப்புனம் காத்த மலை என்று முருக பக்தர்கள் படியேறுகிறார்கள். அதே மலையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துக் கல்வெட்டோடு சமணக் குகை இருக்கிறது, தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் காதலுக்காக வேடன், வேங்கை மரம், கிழவன் என்று வேடம் மாறி வந்த தெய்வம். இன்னொரு பக்கம் எதையும் கேட்காமல், எதையும் தராமல், கண் தாழ்த்தி அமர்ந்திருப்பவர்கள். தீர்த்தங்கரர் வேண்டுதலுக்குப் பதில் சொல்ல மாட்டார், விடுபட்டவர். பிள்ளை பிறக்க, நோய் தீர என்றால் சமணத்தின் பெண் காவல் தெய்வமான இயக்கியிடம் போக வேண்டும். ஆர்க்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவர் மலையில் பல்லவர் காலக் கல்வெட்டு பொன்னியக்கி என்று ஓர் இயக்கியின் பெயரைச் சொல்கிறது. வழி காட்டுபவர் ஒருவர், வரம் தருபவர் இன்னொருவர். வேலைப் பிரிவினை தெளிவு.

பௌத்தர்களும் இதே வரிசையைத் தெருவில் நடத்திக் காட்டுகிறார்கள். இலங்கையில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தவன். பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவன் நினைவிடம். தமிழ் பேசிய நாயக்க வம்சத்தில் பிறந்து, புத்தரின் புனிதப் பல்லுக்குக் காவலனாக இருந்தவன். கண்டிப் பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழாவில் அந்தப் பல்லின் பேழைதான் முதலில் போகும். அதன் பின்னால் நாத தேவன், விஷ்ணு, கதிர்காமத்து முருகன், பத்தினித் தெய்வமாகிய கண்ணகி ஆகியோரின் ஊர்வலங்கள். யாரையும் வெளியே தள்ளவில்லை, யாரையும் ஒன்றாகக் கரைக்கவும் இல்லை. முன் பின் மட்டும் முடிவு செய்திருக்கிறார்கள். பின்னால் வருபவர்களின் பக்தர்களுக்கு அந்த வரிசை பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

இறந்த பின் என்ன என்பதில் சிக்கல் இன்னும் கூடும், ஆனால் விடை கையருகே இருக்கிறது. எமன் வருவானா, கப்றில், அதாவது அடக்கக் குழியில், முன்கர், நகீர் என்ற வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்களா, நியாயத்தீர்ப்பு நாள் வரை காத்திருக்க வேண்டுமா, மறுபிறப்பா? இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே வாரிசுரிமைக்கு இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரீஅத், கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் என்று நடக்கிறதே. மறுமைக்கும் அப்படித் தனிநபர் சட்டம்தான். அவரவர் நம்பிய நீதிபதி முன் அவரவர். மதம் மாறியவர்கள்? கலப்பு மணம் செய்தவர்கள்? 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் போல அங்கேயும் ஒன்று தேவைப்படும். இரண்டு மதத்தில் வாழ்ந்து இறந்த கணவனும் மனைவியும் பிரிந்து போவார்கள் என்றால் அந்த உலகம் எனக்கு வேண்டாம்.

இத்தனை கடவுள்கள் இருக்கும் ஊரில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்குக் கற்பனை தேவையே இல்லை. மஃரிப் என்ற அந்தித் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பாருங்கள். நெற்றியில் குங்குமத்தோடு பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் கையில் தண்ணீர் பாட்டில், மூடி திறந்தபடி. தொழுதுவிட்டு வருபவர் குழந்தையின் முகத்தில் ஓதி ஊதுவார், பாட்டிலிலும் ஊதுவார், பேசாமல் போய்விடுவார். அந்தத் தாய் மதம் மாறவில்லை. எல்லாக் கடவுளும் ஒன்று என்றும் அவர் நினைக்கவில்லை. ஒன்று என்றால் வீட்டுச் சாமியிடமே கேட்டிருக்கலாமே. இந்தக் காய்ச்சலுக்கு இங்கே கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறார். ஆர்க்காடு திப்பு அவுலியா தர்காவில் வேண்டிப் பிறந்ததால்தான் ஹைதர் அலியின் மகனுக்குத் திப்பு என்று பெயர் என்பார்கள். அப்புறம் சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சுற்றி காந்தி ரோடு விடுதிகள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக வங்க எழுத்தில் பலகைகள். அந்தக் குடும்பங்களோடு அவர்களுடைய காளியும் மாதாவும் பீர்களும் வேலூருக்கு வந்துவிடுகிறார்கள்.

கலப்பதும் நடக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் கலப்பு நடக்கும்போது தையல் வெளியே தெரியும். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வருகிறது. இருபுறமும் தேங்காய் உடைத்தபடி கூட்டம். கோயிலில் அந்தத் தலை சண்டாளச்சி என்று சொல்லப்படும் பெண்ணின் உடலில் பொருத்தப்படுகிறது. சில மணி நேரம் தரிசனம். பிறகு தலையைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். மகனால் வெட்டப்பட்ட முனிவர் மனைவி ரேணுகையின் தலை, அவளுக்கு இடம் கொடுத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் உடல். ஒரே தெய்வம், இரண்டு பெண்கள். யார் தலை, யார் உடல் என்பதை ஆண்டுதோறும் ஊர் முழுக்கப் பார்க்கிறது.

இந்த உலகத்தில் நாத்திகருக்கு என்ன இடம் என்று கேட்டுவிட வேண்டும். பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று காலமானது இதே வேலூரில்தான். எல்லாக் கடவுளும் இருந்துவிட்டால் அவர் சொன்னதில் முதல் பாதி தோற்றுவிடும், கடவுள் இல்லை என்பது. ஆனால் கடைசி ஆண்டுகளில் அவர் போராடிக் கேட்டது இன்னொன்று: கருவறைக்குள் எல்லாச் சாதியினரும் ஏன் போகக் கூடாது? 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டத் திருத்தம் வந்தது, 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒழிப்பைச் செல்லும் என்று சொல்லி, நியமனம் ஆகமப்படியே இருக்க வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். இத்தனை ஆண்டுகளும் இதில் வாதாடியவர்கள் மனிதர்கள் மட்டுமே. 1925இல் ஒரு வங்காளக் குடும்பத் தெய்வத்தின் வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், விக்கிரகத்தின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும், அதன் சார்பில் பேச நடுநிலையான ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லாச் சாமியும் நிஜமாக இருக்கும் உலகில் அந்த நடுநிலை ஆளுக்கும் வேலை இல்லை. பெரியார் தன் கேள்வியை எடுத்துக்கொண்டு நேராக மூலவரிடமே போயிருப்பார், மூலவரும் பதில் சொல்லியாக வேண்டும்.